வாலாஜாபாத் சத்திரத்தின் ஆறாவது தூண்

பழைய கட்டடம் என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஒரகடம் கம்பெனிப் பையன்கள் சிலர் வார லீவில் சேர்ந்து, வாலாஜாபாத்தில் ஒரு பாழடைந்த சத்திரத்தைச் சீர் செய்கிறார்கள் என்று நண்பர் சொன்னார். ஓ.டி. பார்க்காமல், தூங்காமல், கட்டடம் கழுவுகிற பையன்களா! பார்த்தே தீர வேண்டும் என்று 2013 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். போகாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

தாம்பரத்தில் காலை 6.40க்கு காஞ்சிபுரம் பஸ். டிக்கெட் 24 ரூபாய். படப்பை தாண்டும் வரை ஜன்னலில் மனை விளம்பரங்கள்தான். ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்தவர்கள் ஏறி, நின்றபடியே தூங்கினார்கள். 8.25க்கு வாலாஜாபாத். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ஒன்றரை கிலோமீட்டர், பத்து ரூபாய்.

"சத்திரமா? கஸ்தூரியக்கா இட்லிக்கடை கீதே, அதானே? அத்த இன்னும் இடிக்கலயா சார்?" என்றார் டிரைவர். எனக்குச் சுருக்கென்றது.

பன்னிரண்டு கல்தூண்கள், பாதி சரிந்த கூரை. முன்கூடத்தில் கஸ்தூரியக்காவின் அடுப்பு. அவர் எங்கோ வெளியே போயிருந்தார். ஆறேழு பேர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். இடித்த குப்பைக்கு ஒரு மூலை, நல்ல செங்கல்லுக்கு ஒரு மூலை, தரையில் சாக்பீஸ் கோடு. சும்மா சொல்லக் கூடாது, கவர்ன்மெண்ட் வேலையில்கூட இந்த ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

இரும்பு தேய்க்கும் கிரைண்டரைப் பிடித்திருந்தவன் இசக்கி, திருநெல்வேலிப் பக்கம். வார்ப்பு இரும்பில் பிசிறு தேய்ப்பது கம்பெனியில் அவன் வேலை. மூன்று வருஷமாக அவனுக்குக் காலைச் சாப்பாடு இங்கேதான்.

"நாளைக்கு தாலுகா ஆபீஸ்ல விசாரணை அண்ணாச்சி. இது தன் மனைல வருது, ஆளு பொழங்காத இடிஞ்ச கட்டடம்னு ஒரு மனை வியாபாரி எழுதிக் குடுத்துருக்காரு. சத்திரம் போச்சுன்னா அக்கா எங்க போவாவ? அதான் இன்னைக்குள்ள பளிச்சுன்னு ஆக்கிரணும்."

ஆறாவது தூணில் விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு. அதை நன்றாகச் சுத்தம் செய்து வைக்கும்படி கஸ்தூரியக்கா சொல்லிவிட்டுப் போயிருந்தாராம், பார்க்க ஆள் கூட்டி வருவதாக. இசக்கி தேய்ப்பான், நிறுத்துவான், உள்ளங்கையால் தடவிப் பார்ப்பான், மறுபடி தேய்ப்பான். கடைசியில் கல் கண்ணாடி மாதிரி ஆனது. "சூப்பர் தம்பி!" என்று நானும் படம் எடுத்தேன். பாவி நான்.

11.10க்குக் கஸ்தூரியக்கா வந்தார். கூடவே கையில் பூதக்கண்ணாடியோடு ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். கல்வெட்டு படிக்கத் தெரிந்தவராம். அக்கா தூணைப் பார்த்தார். கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"எழுத்து எங்கடா?"

இசக்கி கிரைண்டரைக் கீழே வைத்தான்.

"பொதுச் சத்திரம், யாரும் விக்கக் கூடாதுன்னு இந்தக் கல்லுலதான்டா எழுதிக்கீது! தெருவுக்கே தெரியும்! அத்தப் படிக்கத்தானே இவரக் கூட்டினு வந்தேன்! சுண்ணாம்ப எடுடான்னா கல்லையே எடுத்துட்டியே!"

"சொரசொரன்னு இருந்துச்சுக்கா," என்றான் இசக்கி. "கம்பெனி லைன்ல அப்படி இருந்தா ரிஜெக்ட். பிசிறுன்னு நெனச்சிட்டேன்."

வாத்தியார் தூணைச் சுற்றி வந்தார். பிறகு பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அக்கா என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவருதானே? கூட நின்னுக்கினு இன்னா பண்ணீங்க?"

உங்கள் ஊரில் இப்படி வேலை தொடங்கினால், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: முதலில் ஒவ்வொரு கல்லையும் வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள். சுண்ணாம்புக்குத் தண்ணீர், சுரண்ட ஒரு மரச்சில்லு, மென்மையான பிரஷ், நிறைய பொறுமை போதும். கிரைண்டர் வாசல் தாண்டி உள்ளே வரக் கூடாது. தெருக்காரர்களிடம் எது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். என்னைப் போல வேடிக்கை பார்க்கப் போகிறவர்களும் கேளுங்கள். திரும்ப மாலை 4 மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்.

நான் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. அன்று காஞ்சிபுரத்தில் தங்கினேன். திங்கள் காலை 10 மணிக்கு அங்கிருக்கும் தாலுகா ஆபீஸ் போனால், முதல் ஷிப்டை விட்டுவிட்டு இசக்கி எனக்கு முன்னால் நின்றிருந்தான். கான்ட்ராக்ட் வேலை, சொல்லாமல் லீவு போட்டால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். "பரவால்ல அண்ணாச்சி" என்றான்.

அதிகாரி கஸ்தூரியக்காவிடம் ஆதாரம் கேட்டார். இசக்கி இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினான்.

"வரிவரியா இருந்துச்சு சார். இந்தக் கையால தடவிப் பாத்தேன். பொதுச் சத்திரம், விக்கக் கூடாதுன்னு அதுல இருந்ததா தெருவே சொல்லுது. நாந்தான் அழிச்சேன்."

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி, சொன்னதையெல்லாம் அப்படியே எழுதச் சொன்னார். எழுதினான். சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். இடிக்கக் கூடாதென்று இரண்டு மாதத்துக்குத் தடை கிடைத்தது. அந்தச் சத்திரம் யாருடையது என்று சொல்ல இப்போது உலகத்தில் இருக்கும் ஒரே எழுத்து, அதை அழித்தவன் எழுதியதுதான்.