கேட்டுக்கு உள்ளே என் நாய்

நாய் வளர்ப்பவர் நகராட்சியில் உரிமம் வாங்க வேண்டும், அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், பொது இடத்தில் சங்கிலி இல்லாமல் விடக் கூடாது. இந்த விதிகளை எங்கள் தெருவில் முழுதாகத் தெரிந்து வைத்திருந்த ஒரே ஆள் நான். காரணம் நாய்களின் மேல் அக்கறை அல்ல, பயம். எதிரில் நாய் வந்தால் கையிலிருக்கும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு ஓரமாக நின்றுவிடுவேன். நாய் முகத்தைத் தேடி வந்து கடிப்பதில்லை என்று என் மனைவி பலமுறை எடுத்துச் சொல்லியும் பழக்கம் போகவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு புது மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். வயலாக இருந்த இடம். மழை வந்தால் தன் பழைய வேலையை ஞாபகப்படுத்திக்கொள்ளும். தெருவின் நலச்சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டிருந்தார்கள். எனக்கு மனு எழுதத் தெரியும், முடியாது என்று சொல்லத் தெரியாது. வேறு தகுதி எதுவும் தேவைப்படவில்லை.

தெருவுக்கென்று ஒரு நாய் இருந்தது. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும். வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தபோது காவலுக்கு இருந்த வாட்ச்மேன் குடும்பத்தோடு வந்தது. அவர்கள் அடுத்த கட்டடத்துக்குப் போனபோது இது மட்டும் போகவில்லை. காலையில் ஒரு வீட்டில் இட்லி, மத்தியானம் இன்னொரு வீட்டில் சோறு, ஞாயிற்றுக்கிழமை எலும்பு. வீட்டுக்கு வீடு ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், எல்லாப் பெயருக்கும் வாலை ஆட்டும். வருகிற விருந்தாளியிடம் எல்லா வீட்டிலும் சொல்வது ஒன்றுதான்: "நம்ம நாய்தான், ஒண்ணும் செய்யாது, வாங்க."

ஒரு நாள் செய்துவிட்டது. பல்லாவரத்திலிருந்து மொபெட்டில் வரும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவரின் கெண்டைக்காலில் பல் பதித்துவிட்டது. நல்ல பருமனான மனிதர். எந்த நிமிடமும் நாம் எல்லோரும் போய்விடலாம் என்பதை மலர்ந்த முகத்தோடு விளக்குகிறவர். அன்று நடுத்தெருவில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கத்தினார்.

"யாரு நாய் சார் இது? யாரு நாய்?"

"அது எங்கேயிருந்தோ வருது சார். நாங்களே பயந்துகிட்டுதான் இருக்கோம்" என்றார், அன்று காலையில் அதற்கு இட்லி போட்ட அக்கா.

கடிபட்டவர் செயலாளரைத் தேடி வந்தார். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. காயத்தைக் கழுவுவதற்கு முன் புகாரில் கையெழுத்துப் போட்டால்தான் வலி குறையும். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவர் சொல்லாததையும் எழுதினேன். "பொது இடத்தில் எவ்விதக் கட்டுப்பாடுமின்றித் திரிந்து பொதுமக்களின் உயிருக்கு ஊறு விளைவிக்கும்" என்று தொடங்கிய வாக்கியம் பக்கத்தின் கடைசியில்தான் மூச்சு விட்டது. இருவரும் மொபெட்டிலேயே போய் நகராட்சியில் கொடுத்தோம். அங்கிருந்த எழுத்தர் படித்துவிட்டு, "நாளான்னிக்கு அந்தப் பக்கம் வண்டி வருது. சொல்லிடறேன்" என்றார். என் மனு ஒன்றுக்கு இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைத்ததில்லை. பெருமிதத்தோடு வீடு திரும்பினேன். அவர் அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

சாயங்காலம் மறுபடியும் மொபெட் சத்தம். முகத்தில் ரத்தமே இல்லாமல் நின்றார்.

"சார், நாய் எங்க?"

"கவலைப்படாதீங்க. நாளான்னிக்குப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்க."

"ஐயோ, பிடிக்கக் கூடாது சார்!"

டாக்டர் காயத்தைக் கழுவிவிட்டுச் சொன்னாராம்: தெரிந்த நாய்தானே, பத்து நாள் அதைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் உங்களுக்கும் ஒன்றும் ஆகாது. செத்தாலோ, காணாமல் போனாலோ உடனே ஓடி வாருங்கள், தொப்புளைச் சுற்றி வரிசையாக ஊசி போட வேண்டும். ஏஜெண்ட் தன் தொப்பையின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஊசியக் கூடப் பொறுத்துக்கலாம் சார். காணாமப் போச்சுன்னா, அதுக்கு நோய் இருந்துச்சா இல்லையான்னே தெரியாம நான் எப்படித் தூங்கறது?" கொஞ்சம் நிறுத்தி, "ஊருக்கெல்லாம் பாலிசி போட்டேன். எனக்கு மட்டும் இன்னும் போட்டுக்கல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கண்களைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

மறுநாள் காலை மீண்டும் நகராட்சிக்கு ஓடினோம். பதிவான மனுவைத் திரும்ப வாங்க முடியாதாம். நாய்க்கு லைசென்ஸ் எடுத்துவிடலாம் என்பது என் யோசனை. ஊசி போட்ட சான்றிதழ் இல்லாமல் லைசென்ஸ் இல்லை என்றார் எழுத்தர். கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். "கடிச்ச நாயா? அப்ப பத்து நாள் கழிச்சுதான் ஊசி போடுவோம்" என்றார்கள். திரும்பவும் எழுத்தரிடம் வந்து நின்றோம். லைசென்ஸ் இல்லாமல் தெருவில் திரிந்தால் பிடிக்கத்தான் செய்வார்கள் என்றார். ஒவ்வொரு விதியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்த நாய் நிற்பதற்கு நகராட்சி எல்லைக்குள் இடமே இல்லை.

"உங்க காம்பவுண்டுக்குள்ள வெச்சுக்குங்க சார். வீட்டுக்குள்ள எங்க ஆளுங்க கை வைக்க மாட்டாங்க" என்றார் அவர், எங்களை அனுப்பிவைக்கிற ஆசையில்.

எங்கள் தெருவில் அப்போது பெரும்பாலான வீடுகளுக்கு முள்கம்பி வேலிதான். சுற்றுச்சுவரும் கேட்டும் முடித்திருந்தவன் நான். நாய்க்குப் பயந்து முதலில் கட்டியதே அதைத்தான். ஏஜெண்ட் அந்தக் கேட்டை அன்போடு தடவிப் பார்த்தார். "நல்ல கேட்டு சார்."

கேட்டருகில் வாலாட்டி நின்ற நாயை மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, உயிருக்கு ஊறு விளைவிக்கும்னு எழுதினீங்களே, அது இதுதானா? உள்ள வரச் சொல்லுங்க." ஒரு தட்டில் தயிர்சாதத்தை வைத்துக் கூப்பிட்டதும் அது எங்களுக்கு முன்னால் உள்ளே போய்விட்டது. நான் பின்பக்க வாசல் வழியாக நுழைந்தேன்.

சொன்னபடி வண்டி வந்தது. கம்பிக் கூண்டு, உள்ளே ஏற்கெனவே நாலைந்து நாய்கள். சுருக்குக் கம்பியோடு இறங்கியவரைப் பார்த்ததும் எங்கள் நாய் கேட்டின் மேல் முன்னங்கால்களைத் தூக்கிப் போட்டுக் குரைத்தது. சுவர் அப்படியொன்றும் உயரமில்லை. எனக்கு எட்டிய பட்ஜெட்டுக்கு எட்டிய உயரம். தாண்டினால் தெரு. ஏஜெண்ட் வெளியில் கேட்டோடு முதுகை ஒட்டி, கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார், இது யாரு நாய்?" என்றார் கம்பிக்காரர்.

கடிபட்ட அன்று ஏஜெண்ட் கேட்ட அதே கேள்வி. வேலிக்குப் பின்னால் தெரு முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் வேலியைத் தாண்டி வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த நாயின் மேல் அவர்களுக்கு இருந்த பிரியம் நிஜம். நான் அதற்கு ஒரு பிஸ்கட் கூடப் போட்டதில்லை. ஆனால் சட்டம் யாருக்குப் பிரியம் என்று கேட்பதில்லை, நாளைக்கு ஒன்று ஆனால் யார் வந்து நிற்பீர்கள் என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கு முன்னால் பிரியம் கொஞ்சம் பின்வாங்கத்தான் செய்யும்.

"என் நாய்தான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன்.

"பெல்ட்டு இல்ல, லைசென்ஸ் பில்லை இல்ல?"

"வாங்கிடறேன்."

அவர் நாயைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். "ஒண்ணு சொல்றேன் சார். கேட்டுக்கு உள்ள கீதுன்னா, உன் நாய். வெளிய வந்துச்சா, எங்க நாய். அவ்ளோதான் சட்டம். என்னாத்துக்குப் பேஜாரு, புடிச்சு உள்ள கட்டு."

வண்டி நகர்ந்தது. கூண்டிலிருந்த நாய்களுக்காக அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லையா, கேட்டும் பதில் சொல்ல ஆள் இல்லையா என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அப்போதைக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

அப்புறம் தினமும் காலையில் ஏஜெண்ட் வந்துவிடுவார். கேட்டுக்கு வெளியே நின்று கேட்பது ஒரே கேள்வி. "தண்ணி குடிச்சுதா?" குடிப்பதை நேரில் பார்த்தால்தான் போவார். நடுவில் ஒரு நாள் அது தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனிதர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் திகிலடைந்து போனேன். பிறகுதான் சுவரோரம் எலும்புகள் கிடப்பதை மனைவி காட்டினாள். முந்தின நாள் ஞாயிறு. தெருவே சுவருக்கு மேலாக விருந்து வைத்திருக்கிறது. ஏஜெண்ட் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத மாதிரி ஒரு சத்தம் போட்டார்.

பத்தாவது நாளும் தண்ணீர் குடித்தது. அவர் கும்பிட்டார். எங்களையா, நாயையா தெரியவில்லை. இனி அவருக்கு இங்கே வேலையில்லை. போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"ஊசி போடணுமே சார். வாங்க, மொபெட்டுல போயிடலாம்" என்றார்.

அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார, நடுவில் சாக்குப் பையில் கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நாய். ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். நான் முகத்தை மறைக்கவில்லை. நாயைப் பிடித்திருந்ததால் கை ஓய்வாக இல்லை, அவ்வளவுதான்.

மருத்துவமனையில் உதவியாளர் சிரிஞ்சை எடுத்துக்கொண்டு, "ஓனர் யாரு? வந்து வாயைக் கெட்டியா புடிங்க" என்றார்.

ஏஜெண்ட் அதற்குள் வாசல்படிக்குப் போய்விட்டிருந்தார். அங்கிருந்து ஆறுதலாகக் குரல் கொடுத்தார்.

"தைரியமா புடிங்க சார். கடிச்சா பத்து நாள் நானே வந்து பாத்துக்கறேன்."

பிடித்துக்கொண்டேன். உள்ளங்கைக்குள் மூக்கு ஈரமாக, மூச்சு நான் எதிர்பார்த்ததைவிடச் சூடாக இருந்தது.