சித்தப்பா போட்ட புள்ளடி

கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால், பெருக்கல் குறிபோலப் போட்ட ஒரு சின்னப் புள்ளடி. சின்னம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். சுவிட்சர்லாந்தில், டீட்டிகோனில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் சித்தப்பாவும் சின்னம்மாவும் இருந்தார்கள். சின்னம்மா இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஏதோ ஒரு படிவத்தில் பிழையான இடத்தில் கையெழுத்து வைத்துவிட, அது திரும்பி வந்து, விசா புதுப்பிப்பது இழுபட்டுப் போனதாம். அன்றிலிருந்து விசா, காப்புறுதி, வாடகை என்று எந்தக் கடிதம் வந்தாலும் சித்தப்பாவே நிரப்பி, கையெழுத்துக் கோட்டருகே புள்ளடி போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிடுவார். சின்னம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்த இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்புவார். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. சித்தப்பா அதிகாரம் பண்ணுகிற மனிதரல்ல. பெண்சாதிக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்ற அன்பில் செய்தார். அன்பாகச் செய்கிற ஒன்றை நிறுத்தச் சொல்வதுதான் கஷ்டம் என்பது எனக்கு வெகு காலம் கழித்தே விளங்கியது.

இருவரும் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. நேர்முகத்துக்கு அவர்களைப் பாடமாக்க வைப்பது என் பொறுப்பு. சுவிஸ் பெண்களுக்கு வாக்குரிமை எழுபத்தொன்றில்தான் கிடைத்தது, ஆணும் பெண்ணும் சமம் என்று அரசியலமைப்பைத் திருத்த மேலும் பத்து வருடம் பிடித்தது என்று நான் வாசித்தபோது சின்னம்மாவால் நம்பவே முடியவில்லை. "அப்ப எங்கடை அம்மம்மா இவையளுக்கு முதலே புள்ளடி போட்டிருக்கிறா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். இலங்கையில் வாக்களிப்பது என்றால் புள்ளடி போடுவது; பெண்களுக்கும் முப்பத்தொன்றிலேயே அந்த உரிமை வந்துவிட்டது. அந்தச் சரத்து மூன்று வசனம். முதல் வசனம் காணும் என்று சித்தப்பா நிறுத்திக்கொண்டார். சின்னம்மா பாத்திரம் கழுவிக் கழுவி மூன்றையும் ஜெர்மன் மொழியிலேயே பாடமாக்கினார். நேர்முகத்தில் அந்தக் கேள்வி சித்தப்பாவுக்குத்தான் வந்தது. முதல் வசனத்தைச் சொல்லித் தப்பிவிட்டார். சின்னம்மாவிடம் குப்பைப் பை எங்கே வாங்குவது என்று கேட்டார்கள். "மூண்டு வரியும் வீணாப் போச்சு, பிள்ளை" என்று எத்தனையோ நாள் சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டார்.

குடியுரிமை வந்த பிறகு வாக்குச் சீட்டுகளும் வரத் தொடங்கின. இங்கே ஒரு சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று மக்களையே கேட்பார்கள். வீட்டிலிருந்தே ஆம் அல்லது இல்லை என்று கையால் எழுதி, வாக்காளர் அட்டையில் கையெழுத்து வைத்துத் தபாலில் அனுப்பலாம். கையெழுத்து இல்லாவிட்டால் வாக்குச் செல்லாது. வருடத்தில் மூன்று நான்கு தடவை சித்தப்பா இரண்டு சீட்டையும் எழுதுவார், சின்னம்மா புள்ளடிக்குப் பக்கத்தில் கையெழுத்து வைப்பார். அரசியலமைப்பு ஒரு பக்கம், சாப்பாட்டு மேசை ஒரு பக்கம்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பெண்களின் ஓய்வு வயதை அறுபத்து நான்கிலிருந்து அறுபத்தைந்தாக்கலாமா என்ற வாக்கெடுப்பு வந்தது. சின்னம்மா முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், இன்னும் எத்தனை வருடம் என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தவர். அந்தச் சனிக்கிழமை காலை நான் அப்போது குடியிருந்த வின்டர்தூரிலிருந்து வந்திருந்தேன். சித்தப்பா தன்னுடையதை எழுதி முடித்துவிட்டுச் சின்னம்மாவின் சீட்டை எடுத்தார். சின்னம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். "அந்தப் பேனையை இஞ்சை தாங்கோ."

"இதிலை யோசிக்க என்ன கிடக்கு? ஆணும் பெண்ணும் சமம் எண்டு சட்டத்திலையே இருக்கு. எனக்கு அறுபத்தைஞ்சு எண்டால் உமக்கும் அறுபத்தைஞ்சுதானே."

"நீங்கள் முதல் வரியோடை நிப்பாட்டிப்போட்டியள். அதுக்குக் கீழை இன்னும் ரெண்டு வரி கிடக்கு."

சொல்லிவிட்டு, அத்தனை வருடம் வீணாய்க் கிடந்த அந்த இரண்டு வசனத்தையும் ஒரு சொல் தவறாமல் ஜெர்மனில் சொன்னார். குடும்பத்திலும் படிப்பிலும் வேலையிலும் அந்தச் சமத்துவம் நடைமுறைக்கு வரச் சட்டம் வழிசெய்ய வேண்டும். ஒத்த பெறுமதியுள்ள வேலைக்கு ஒத்த சம்பளம். "விடிய எழும்பிச் சமைச்சு வைச்சிட்டுத்தான் நான் வேலைக்குப் போறன். அந்த ரெண்டு வரியும் வரட்டும், பிறகு இதுக்கும் ஓம் எண்டு எழுதுறன்."

சித்தப்பா பேனையை நீட்டினார். சின்னம்மா எழுதுவதைப் பார்த்துவிட்டு, "அப்ப உம்மடை வோட்டு என்ரை வோட்டை வெட்டிப்போடுமே" என்றார். கோபம் இல்லை, உண்மையான ஆச்சரியம்.

"ஓம். அதுக்குத்தானே ரெண்டு பேருக்கும் வேறை வேறையா அனுப்புறாங்கள்."

சின்னம்மாவின் பக்கம் மயிரிழையில் தோற்றது. முடிவு வந்த அன்று மாலை சித்தப்பா தானே அடுப்படிக்குப் போய்ப் பருப்பு வைத்து, அடிப்பிடிக்கவும் விட்டார். சின்னம்மா அதை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டதாக எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அதன் பிறகு சித்தப்பா சின்னம்மாவின் சீட்டைத் தொட்டதில்லை. வாக்காளர் அட்டையில் புள்ளடி மட்டும் போட்டுக்கொண்டே இருந்தார். கை பழகிவிட்டது.

சித்தப்பா போன மாரியில் எங்களை விட்டுப் போனார். சின்னம்மா இன்னும் வேலைக்குப் போகிறார். போன கிழமை போயிருந்தேன். மேசையில் ஒரேயொரு வாக்கு உறை. சின்னம்மா கண்ணாடி போட்டு விளக்கப் புத்தகத்தை வாசித்து, சீட்டில் தன் பதிலை எழுதி மூடினார். பிறகு பிஸ்கட் தகரப் பேணியைத் திறந்து சித்தப்பாவின் கட்டைப் பென்சிலை எடுத்து, அட்டையில் கையெழுத்துக் கோட்டருகே சின்னதாய் ஒரு புள்ளடி போட்டார்.

"இப்ப கையெழுத்தை எங்கை வைக்கிறதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே, சின்னம்மா?" என்றேன்.

"அப்பவும் தெரியும், பிள்ளை" என்றார், பேனையை எடுத்துக்கொண்டே.