சாதாயே அவித்த சிவப்புச் சோறு

ஒசாகாவுக்கு வடக்கே, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு எதிரில் இருக்கும் அந்த இல்லத்தில், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் யாரும் தலை நிமிர்வதில்லை. சமையலறையில் நிற்பவர் குழாயைத் திறந்துவிடுவார். கூடத்தில் இருப்பவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். மாற்று இதயத்துக்காகக் காத்துக் கிடக்கும் பிள்ளைகளின் பெற்றோர் தங்கும் வீடு அது. ஐயோ, யார் வீட்டுப் பிள்ளையோ என்று மனம் பதறும். அதற்கு அடுத்தபடியாக மனத்தில் என்ன ஓடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் குழாய்.

இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவள் சாதாயே. இல்லத்தைப் பார்த்துக்கொள்பவள், அறுபதைத் தாண்டியவள், வாய் கொஞ்சம் நீளம். ஊரார் அனுப்பும் அரிசியிலும் போர்வையிலும் நன்கொடையிலும் நடக்கிற வீடு. வந்து தங்குகிறவர்கள் நின்றால் ஒரு கும்பிடு, உட்கார்ந்தால் ஒரு கும்பிடு போடுவார்கள். அதைக் கண்டால் அவளுக்கு எரிச்சல். நன்றி சொல்லி உயிரை வாங்காதீர்கள், குளியலறையைக் கழுவி வைத்தால் போதும் என்பாள்.

அவளும் ஒரு காலத்தில் கும்பிட்டு நின்றவள்தான். மகன் கோகிக்கு இதயம் கெட்டுப்போனபோது, சிறு பிள்ளையின் இதயத்தை இன்னொரு பிள்ளைக்கு வைக்க இந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அமெரிக்காவுக்குத்தான் போகவேண்டும். சாதாயே மகன் படம் ஒட்டிய உண்டியலோடு ஸ்டேஷன் வாசலில் மழையிலும் வெயிலிலும் தொண்டை கட்டக் கத்தினாள். ஒரு நாள் வயதானவர் ஒருவர் நோட்டை மடித்துப் போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"அங்க ஒரு புள்ள சாகணும்னுதானம்மா காத்துக்கிட்டு இருக்கீங்க?"

வைதிருந்தால்கூட ஆறியிருக்கும். அவர் இரக்கத்தோடு அல்லவா கேட்டார். கோகி விமானம் ஏறாமலே கண்ணை மூடிவிட்டான். திரண்ட நிதி, வழக்கப்படி, வரிசையில் அடுத்து நின்ற பிள்ளைக்குப் போனது. அந்தப் பிள்ளைக்காகவும் சாதாயே அதே ஸ்டேஷன் வாசலில் நின்றாள். பிறகு சட்டம் மாறியது, இந்த இல்லம் வந்தது, அவளும் இங்கே வந்து ஒட்டிக்கொண்டாள். பெரியவரின் கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

இல்லத்தில் தங்கியவர்களில் அவளுக்கு நெருக்கமானவள் யாசுயோ. ஷிமானே பக்கத்துப் பட்டிக்காட்டுக்காரி. அவள் மகள் கோனோமி ஒரு வருஷத்துக்கும் மேலாக ஆஸ்பத்திரிக் கட்டிலில், உடம்புக்கு வெளியே துடிக்கும் மெஷின் இதயத்தோடு கிடந்தாள். இதயம் கிடைக்கிற அன்றைக்குச் சிவப்புச் சோறு அவிக்கிறேன் என்று சாதாயே வாக்குக் கொடுத்திருந்தாள். நல்லது நடந்த வீட்டில் பசையரிசியோடு காராமணி சேர்த்து அவித்து, அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பது எங்கள் நாட்டு வழக்கம். அதற்கென்று காராமணியை ஒரு டப்பாவில் போட்டு மேல்தட்டில் வைத்திருந்தாள். யாசுயோ அதை அண்ணாந்து பார்த்துக் கேலி செய்வாள்: "அக்கா, உங்க பயறுக்குள்ள வண்டு குடும்பம் நடத்துது. பேரப்பிள்ளையே எடுத்திருக்கும்."

இலையுதிர்காலத்தில் மாடியறைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். தெராசாகா என்று பெயர். அவர்கள் மகன் தைச்சி சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, அதே ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சையில் இருந்தான். இல்லம் அவர்களுக்கானதில்லை. இருந்தாலும், அடிபட்ட பிள்ளையின் தாய் ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்குவதா என்று சாதாயே கூட்டி வந்துவிட்டாள். காலையில் அவர்கள் படியிறங்கும்போதெல்லாம் பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்பாள். தெராசாகா குனிந்து, சிரித்த முகமாக, "எல்லாம் உங்க புண்ணியத்துல" என்பார். பையன் தேறி வருகிறான் என்றே சாதாயே எடுத்துக்கொண்டாள்.

எங்கள் மரியாதை இருக்கிறதே, அது ஆளைக் கொல்லும் மரியாதை. வீடு பற்றி எரிந்தாலும் எதிர்வீட்டுக்காரரிடம் உங்கள் புண்ணியத்தில் நலம் என்றுதான் சொல்வோம். அதே மண்ணில் பிறந்து வளர்ந்த சாதாயேவுக்கு இது தெரியாதா? தெரியும். நல்ல சேதிக்கு ஏங்கிய மனசு, அந்தச் சிரிப்பை அப்படியே நம்பிவிட்டது.

ஒரு நாள் காலையில் யாசுயோவுக்கு போன் வந்தது. இதயம் கிடைத்துவிட்டது. ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் சாதாயேவின் செருப்புமாக ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சாதாயே டப்பாவை இறக்கினாள். வண்டு ஒன்றுகூட இல்லை. பயறு வெடித்துவிடாமல் வேகவைத்து, அந்தச் சிவந்த தண்ணீரிலேயே அரிசியை ஊறப்போட்டு அவித்தாள். வீடெல்லாம் மணத்தது. கோகிக்கு அவிக்க வாய்க்காத சோறு என்று நினைத்துக் கொஞ்சம் அழுதாள், சந்தோஷமாகவும் இருந்தது. சாயங்காலம், எள்ளும் உப்பும் தூவி இரண்டு டப்பாக்கள் கட்டினாள். ஒன்று யாசுயோவுக்கு. மற்றது, உடுப்பு எடுக்க அப்போதுதான் திரும்பியிருந்த மாடித் தம்பதிக்கு.

தெராசாகாவின் மனைவி சிகுசா தரையில் உட்கார்ந்து, மகனின் பேஸ்பால் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். தெராசாகா டப்பாவை இரண்டு கையாலும் வாங்கித் திறந்து பார்த்தார். என்ன விசேஷம் என்று கேட்டார்.

"கீழ இருக்காளே யாசுயோ, அவ பொண்ணுக்கு இதயம் கிடைச்சிருச்சு. காலையிலதான் சேதி வந்துச்சு."

சிகுசாவின் கை சட்டைமேல் நின்றது. கணவர் அவளைப் பார்த்தார். சாதாயேவுக்கு அந்தப் பார்வையிலேயே விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிரோடு கிடக்கிற பிள்ளைக்குப் பேஸ்பால் சட்டை எதற்கு? கடைசியாகப் போட்டு அனுப்பத்தான். அவள் தரையில் நெற்றி பட விழுந்தாள்.

யாருடையது யாருக்கு என்று ஆஸ்பத்திரி ஒருநாளும் சொல்லாது. வேறு ஊரிலிருந்து வந்த இதயமாகவும் இருக்கலாம். ஆனால் இந்தத் தம்பதி, மூளை செத்துப்போன மகனின் இதயத்தைக் கொடுக்கச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"எந்திரிங்கம்மா," என்றாள் சிகுசா. "அந்தப் பொண்ணுக்கு எத்தனை வயசு?"

"ஆறு."

சிகுசா தலையாட்டினாள். சாப்பாட்டுக் குச்சியை எடுத்தாள். ஒரு வாய் சோறு உண்டாள். பிறகு பயற்றைப் பொறுக்கி, ஒவ்வொன்றாகக் கணவரின் பக்கம் மூடியில் வைத்தாள்.

"தைச்சிக்குப் பயறுன்னா ஆகாது. இப்படித்தான் பொறுக்கி அவங்க அப்பா தட்டுல வைப்பான்." மடித்த சட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட சொல்லிராதீங்க. அவங்களாவது சந்தோஷமா சாப்பிடட்டும்."

இருட்டுமுன் அவர்கள் அறையைத் துடைத்து, போர்வையை மடித்துவைத்துவிட்டுப் போனார்கள். வாசலில் தெராசாகா வழக்கம்போலக் குனிந்தார். இந்தத் தடவை அவரால் சிரிக்க முடியவில்லை. மூடியிலிருந்த பயற்றைக் கொட்ட சாதாயேவுக்கு மனம் வரவில்லை. நின்றபடியே எடுத்துத் தின்றாள்.

கோனோமிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. யாசுயோ மறுநாள் வந்து, ஆறிப்போன சோற்றை அழுதுகொண்டே தின்றாள். மாடிக்காரர்களுக்கும் ஒரு பிடி கொடுத்தீர்களா என்று கேட்டாள். கொடுத்தேன், சாப்பிட்டார்கள் என்றாள் சாதாயே.

"அந்தப் பையன் எப்படி இருக்கான்க்கா?"

"வீட்டுக்குப் போயிட்டான்."

"அப்பாடா," என்றாள் யாசுயோ. "நம்ம பொண்ணுக்கு நல்லது நடந்த நேரம், அவனுக்கும் நடந்திருக்கு பாருங்க."

வெளியே ஆம்புலன்ஸ் எதுவும் போகவில்லை. சாதாயே குழாயைத் திறந்துவிட்டாள்.