புத்தரிசியும் துடக்கும்

புத்தரிசி வேகும்போது எழும் ஆவியில் கறந்த பாலை ஒத்த ஓர் இனிய மணம் உண்டு. நோர்வேயின் லோறென்ஸ்கூக்கில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில், நவம்பர் மாத இருளோடு அந்த மணமும் மேல்வீட்டிலிருந்து இறங்கி வரும். அங்கே யுமிக்கோ தனியே வாழ்ந்தார். நோர்வேஜிய மொழி வகுப்பில் அம்மாவுக்குத் தோழியானவர். யப்பானிலிருந்த பெற்றோர் தம் வயலில் விளைந்த அரிசியில் ஒரு சிறு பொதியை அனுப்புவார்கள். அவர் அதைச் சமைத்து, உப்போடும் நீரோடும் சுவரின் உயரத்தே பொருத்திய சிறு மரத்தட்டில் வைத்துப் படைப்பார். முதலில் தெய்வம் உண்ணும், பின்னர் அதே உணவை நாம் உண்போம், விளைச்சலுக்குச் செலுத்தும் நன்றி அதுவே என்பார். ஊரில் முதல் விளைச்சலைத் தெய்வத்துக்குப் படைத்துப் "புதிர்" எடுத்துப் பழகிய அம்மாவுக்கு அதில் வியப்பேதும் இருக்கவில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் அவரோடு உண்ணச் செல்பவர்கள் நாங்கள் மட்டுமே.

எனக்குப் பன்னிரண்டு வயதான ஆண்டில், படையலுக்கு முதல்நாள், பெரியப்பா ஊரில் இறந்துவிட்டதாகத் தொலைபேசியில் செய்தி வந்தது. எங்களுக்குத் "துடக்கு"; சாவுத் தீட்டுள்ளோர் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை தெய்வத்தின் முன் செல்லலாகாது. இதை அயல்நாட்டவருக்கு எவ்வாறு உணர்த்துவது? தம் தெய்வத்தை நாங்கள் ஒதுக்குவதாக யுமிக்கோ எண்ணிவிட்டால், இந்நாட்டில் அம்மாவுக்கு வாய்த்த ஒரே நட்பு அத்தோடு முறிந்துவிடும்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு சொல்லிவிடும்," என்றார் அப்பா.

"சாமி காரியத்திலை பொய் சொல்லிப்போட்டு எந்த முகத்தோடை விளக்கேத்துறது?" என்ற அம்மா, மொழிபெயர்க்க என்னையும் அழைத்துக்கொண்டு படியேறினார்.

யுமிக்கோ கதவைத் திறந்தபோது அம்மா வாசலைத் தாண்டவில்லை. "எங்கள் குடும்பத்தில் ஒரு சாவு நேர்ந்துவிட்டது, ஆகையால்..." என்று தொடங்கிய எனக்கு, அதற்குமேல் நோர்வேஜிய மொழியில் சொல் கிடைக்கவில்லை.

"தெய்வத்துக்கு முன்னால் வரக்கூடாது," என்று யுமிக்கோவே முடித்தார். தங்கள் வீட்டிலும் சாவு நேர்ந்தால் அந்தத் தட்டை வெள்ளைத் தாளால் மறைத்துவிடுவார்கள் என்றும், மாமன் இறந்த ஆண்டில் படையலே நிகழவில்லை என்றும் சொன்னார்.

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அம்மா என் தோளைப் பற்றிக்கொண்டார். "அப்பாடி, இவவுக்கு விளங்குது, பிள்ளை."

யுமிக்கோ உள்ளே சென்று, படையலுக்கு வைத்திராத அரிசியில் கொஞ்சம் அள்ளிவந்து தந்தார். துடக்குக் கழிந்ததும் சமைத்துத் தம்மையும் அழைக்கவேண்டும் என்றார். இம்முறை தெய்வத்துக்குப் பங்கு கூடுதலாகக் கிடைக்கும் என்று சிரிக்கவும் செய்தார். அந்தியேட்டி முடிந்தபின் அவ்வாறே அழைத்தோம். அந்த அரிசியை அம்மா நம் வழக்கப்படி கஞ்சி வடித்துச் சமைத்திருந்ததைக் கண்டு, நீரை வடிக்காமலே சமைக்கும் யுமிக்கோ திகைத்தாலும், கேட்டு வாங்கி இரண்டாம் முறையும் உண்டார்.

யுமிக்கோ தம் நாட்டுக்குத் திரும்பிப் பல ஆண்டுகள் ஆகின்றன. துடக்கினால் விருந்துகளுக்குச் செல்ல இயலாதபோது, இன்று நான் அதனைப் பிழையற்ற நோர்வேஜிய மொழியில் விளக்குகிறேன்; உடன் பணியாற்றுவோரும் இறுதிவரை அன்போடு கேட்கிறார்கள். பாதி வாக்கியத்தோடு நிறுத்திவிட்டு மூச்சுவிடக் கூடிய வாசல்தான் இப்போது இல்லை.