டிசம்பரில் ஹட்சுயேயின் கேஸ் துப்பாக்கி

ஹட்சுயே மொரோஹாஷிக்கு வெயில் காலத்தில் ஒரு பெயர், பனிக் காலத்தில் ஒரு பெயர். ஆகஸ்டில் அணிக்காரர்கள் அவளைப் 'பாம்பு' என்பார்கள். எங்கிருந்து கடித்தாள் என்று கடிபட்டவனுக்கே தெரியாது. டிசம்பர் வந்தால் அதே வாய்கள் 'கொட்டாவி' என்னும். ஆள் என்னவோ ஒருத்திதான். கையிலிருக்கும் துப்பாக்கிதான் காலத்துக்கு ஒரு குணம் காட்டியது.

விளையாட்டுத் துப்பாக்கிதான் அது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பிளாஸ்டிக் குண்டைத் துப்பும். ஜப்பானில் சீபாவின் தேவதாருக் காடுகளில் ஞாயிறுதோறும் இப்படி இரண்டு அணிகளாகப் பிரிந்து சுட்டுக்கொள்ளும் கூட்டத்தில் பல் வைத்தியர் உண்டு, லாரி ஓட்டுநர் உண்டு. ஐம்பத்து நாலு வயது ஹட்சுயே பொதுக் குளியலகத்தில் கொதிகலன் பார்ப்பவள். பதினெட்டு வருஷம் விறகு தள்ளியதில் வலது தோள் தேய்ந்துவிட்டது. சுருள்வில் வைத்த துப்பாக்கியை ஒவ்வொரு குண்டுக்கும் கிணற்று வாளிபோல இழுக்க வேண்டும்; அது அவளால் ஆகாது. கேஸ் துப்பாக்கிக்கு இரண்டு விரல் போதும். சத்தமும் யாரோ 'ப்ச்' என்று சலித்துக்கொண்ட அளவுதான். வாரம் முழுக்க "தண்ணி சூடு பத்தல" என்று கூப்பிடும் குரல்களுக்கு ஓடுகிறவளுக்கு, யார் கண்ணிலும் படாமல் புதருக்குள் படுத்துக்கிடப்பது பெரிய சுகமாக இருந்தது.

குறைகளும் இல்லாமல் இல்லை. குளிரில் கேஸ் சோம்பிப்போகும். நாற்பது மீட்டர் போக வேண்டிய குண்டு இருபதிலேயே மண்ணைக் கவ்வும். அடுத்தடுத்து மூன்று முறை சுட்டால், கேஸும் குண்டும் அடைத்த மேகசின் தானாகவே ஐஸ்கட்டியாகும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் சுருங்கி, புஸ்ஸென்று கசியும்.

வருஷத்தின் கடைசி ஞாயிறு. புல்லில் உறைபனி. அணித் தலைவன் குமகாய், சலவைக்கடைக்காரன், ஆவி பறக்கும் காப்பிக் கோப்பையோடு அவளிடம் வந்தான்.

"அக்கா, போன வாரம் எத்தன பேர அடிச்சீங்க?"

"குண்டு ஒருத்தர் பக்கத்துல விழுந்துச்சு."

"பக்கத்துல விழுந்தா அவனுக்கு என்னக்கா? இன்னைக்கு ஒருத்தனாவது விழணும். இல்லன்னா ஜனவரியிலேர்ந்து பேட்டரி துப்பாக்கிதான். முன்வரிசையில எங்ககூட ஓடி வரணும்."

பேட்டரி துப்பாக்கி தையல் மிஷின் மாதிரி கடகடக்கும். முன்வரிசை என்றால் ஓட்டமும் கத்தலும். ஹட்சுயேக்குத் தன் ஞாயிற்றுக்கிழமையே போய்விடும்போலிருந்தது.

அந்தக் கலக்கத்தில்தான் புத்தி பிசகியது. பிசைந்தால் சூடேறும் கைச்சூட்டுப் பொட்டலங்கள் இரண்டைக் கம்பளிக் காலுறைக்குள் திணித்து, நடுவில் மேகசினைச் செருகி, அப்படியே வேகச் சோதனை மேசைக்குப் போனாள். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு துப்பாக்கியையும் சுட்டுப் பார்த்து அடையாளச் சீட்டுக் கட்டுவது அங்கே வழக்கம். சட்டம் சொன்ன வேகத்தைத் தாண்டினால் உள்ளே விடமாட்டார்கள்.

மைதானப் பொறுப்பாளர் நெமோட்டோ கருவியைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "மொரோஹாஷி-சான், விநாடிக்கு நூத்திமூணு மீட்டர். தொண்ணூத்தெட்டுக்கு மேல கூடாதே. ஆகஸ்ட்லகூட இப்படிக் காட்டாதே. அதுல என்ன சமையல் பண்ணீங்க?"

பின்னாலிருந்த வரிசை சிரித்தது. குமகாய் உரக்கவே சொன்னான்: "குளிர்ல கேஸ் துப்பாக்கி வேகம் மிஞ்சிப் பிடிபட்ட முதல் ஆள் நம்ம அக்காதான். அணிக்கே பெருமை."

முதல் ஆட்டம் அவளுக்கு இல்லாமல் போயிற்று. மேகசின் ஆறியதும் சுட்டால் எழுபத்தொன்று. சீட்டு கிடைத்துவிடும்; கட்டியபிறகு மறைவாகச் சூடேற்றினால் யாருக்கும் தெரியாது. ஒரு கணம் நினைத்தாள். உடனே காது சுட்டது. பட்டவன் தானே கைதூக்கி ஒப்புக்கொள்ளும் நாணயத்தில் நடக்கிற ஆட்டம் அது.

"நெமோட்டோ-சான், உடம்புச் சூடு தப்பா?"

"உடம்ப கழட்டி வச்சிட்டா வர முடியும்?"

சூட்டைக் கையால் அளப்பது அவள் பிழைப்பு. வயிற்றில் சுற்றியிருந்த கம்பளிப் பட்டைக்குள் தன்னிடமிருந்த இரண்டு மேகசின்களையும் வைத்துக் கால் மணி நேரம் அவர் கண்ணெதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். சில்லென்று பட்டதில் முதலில் பல் கிட்டியது. பிறகு சுட்டுக் காட்டினாள். தொண்ணூறு. நெமோட்டோ சீட்டைக் கட்டினார்.

அடுத்த இரண்டு ஆட்டங்களில் எதிரிகள் அவள் பக்கமே வரவில்லை. கடைசி ஆட்டத்தில் குமகாய் ஐந்தாவது நிமிடமே அடிபட்டு, ஓய்வுக் கொட்டகையில் சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்தான். அவள் இலைச்சருகுக்குள் கிடந்தாள். முப்பத்தைந்து மீட்டரில், விழுந்த மரத்துக்குப் பின்னால், எதிரணிச் சவாய்.

சுட்டாள். 'ப்ச்.' வெள்ளைக் குண்டு அவன் தோளில் பட்டுத் தெறித்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. சவாய் அசையவில்லை. ஏமாற்றுகிற ஆளல்ல அவன். பஞ்சு பொதிந்த குளிர்ச்சட்டை, சத்தமில்லாத துப்பாக்கி, பாவம் எப்படி உணர்வான்? 'பட்டுவிட்டது' என்று சுட்டவள் சொல்வதும் அங்கே மரியாதையில்லை. இன்னொன்று சுட்டாள், அதுவும் சட்டையிலேயே செத்தது. மூன்றாவது அவனுக்கு எட்டவேயில்லை. மேகசின் ஆறிவிட்டது.

துப்பாக்கியின் எந்த அமைதிக்காக அவள் அதை நேசித்தாளோ, அதுவே இப்போது அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

வயிற்றுப் பட்டையிலிருந்து இரண்டாவது மேகசினை உருவி மாற்றினாள். சட்டையை விட்டுவிட்டாள். அந்த மைதானத்தில் கையிலுள்ள துப்பாக்கியில் பட்டாலும் அடிதான். உலோகத்தில் பட்டால் எந்தப் பஞ்சும் மறைக்காது. ஆனால் மரத்துக்கு மேலே தெரிந்தது விரற்கடை அகலக் குழல். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் என்று ஒலிபெருக்கி சொன்னது. மேகசினை வயிற்றைவிட்டு எடுத்தாயிற்று, அதுவும் ஆறிக்கொண்டே வந்தது. காற்று நின்றது. மூச்சை விட்டு, இரண்டு விரலால் தாழை இழுத்துத் தள்ளி, சுட்டாள்.

'டிக்.'

சவாய் தன் துப்பாக்கியைப் பார்த்தான். பின்பு ஒழுங்காகக் கையை உயர்த்தினான். "ஹிட்."

கொட்டகைக்குத் திரும்பியதும் அவன் நேராக அவளிடம்தான் வந்தான். "எங்கேர்ந்துங்க சுட்டீங்க? வர்ற வழியெல்லாம் தேடினேன். உங்க காலை மிதிச்சிருந்தாலும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்."

குமகாய் கையிலிருந்த உருண்டையை விழுங்கிவிட்டுத்தான் பேசினான். "சரிக்கா. துப்பாக்கி உங்களோடயே இருக்கட்டும். பின்வரிசையும் உங்களுதுதான். ஆனா ஜனவரி மூணாந்தேதி ஆட்டம், இன்னும் குளிரும்."

"தெரியும். இப்பவே பயமாத்தான் இருக்கு."

"என்ன பண்ணப் போறீங்க?"

"இன்னொரு மேகசின் வாங்கணும்" என்றாள் ஹட்சுயே. "வயித்துல இடம் இருக்கு. புதுவருஷத்துச் சோறு சாப்பிட்டா இன்னும் கொஞ்சம் கிடைக்கும்."