கம்போடியா போகும் லாத்தாவோடு துபாய் வரை

பொய் சொன்ன ஒருவரைக் குழந்தையின் முன்னால் பாராட்டலாமா? போன மாதம், 2009 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, அமீரகத்தின் புஜைராவிலிருந்து துபாய் விமான நிலையம் வரை போய் வந்தேன். அன்று தொற்றிக்கொண்ட இந்தக் கேள்விக்கு இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

காலை ஒன்பது மணி. புஜைரா டாக்ஸி நிறுத்தம். துபாய் ஏறத்தாழ நூற்று முப்பது கிலோமீட்டர், ஆளுக்கு இருபத்தைந்து திர்ஹம். என் மகள் நிலாவுக்கு ஐந்து வயது. மடியில் வைத்துக்கொண்டால் காசில்லை. கணவர் எண்ணெய்க் கிடங்கில் டியூட்டி. அவர் இல்லாமல் நான் வழியிலிருக்கும் மலைகளைத் தாண்டியதே இல்லை. மாற்றுடை, காய்ச்சல் மருந்து, இட்லி டப்பா என்று பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் பயணம் என்னுடையதல்ல, கீழ்வீட்டு மரியம் லாத்தாவுடையது.

லாத்தா கம்போடியாவின் சாம் இனத்து முஸ்லிம். கணவர் காரைக்கால்காரர், எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பினாங்கில் அவரைக் கட்டிக்கொண்டு தமிழ் கற்றதால், பேச்சில் காரைக்காலும் மலேசியாவும் கலந்தே வரும். அக்காவை லாத்தா என்பது காரைக்கால் முஸ்லிம்களின் வழக்கம். எங்கள் கட்டடம் முழுவதற்கும் அவர் லாத்தாதான்.

கம்போடியத் தலைநகர் நோம்பென்னில், எழுபதுகளில் ஆண்ட கெமர் ரூஜ் ஆட்சிக்காரர்கள் மேல் விசாரணை தொடங்கியிருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் வந்து தங்களுக்கு நடந்ததைப் பதிவு செய்யலாம். லாத்தா ஒருமுறை டிக்கெட் எடுத்துவிட்டுப் பயந்துபோய் ரத்து செய்திருந்தார். இந்த முறை விமான நிலையத்துக்குள்ளே போகும்வரை கூடவே இருக்கச் சொல்லி, கடையை விட்டு வர முடியாத அவர் கணவர் என்னைக் கேட்டுக்கொண்டார். தைரியம் சொல்ல என்னையா பிடித்தார்கள் என்று எனக்கே உதறல்.

பாகிஸ்தானியப் பட்டாணிய டிரைவர் "துபாய், துபாய்" என்று கூவி ஆள் சேர்த்தார். வண்டி நிரம்பியதும், போகலாம் என்று அவர் சொன்ன ஒரு "யல்லா"வோடு கிளம்பினோம்.

பத்து மணி. மசாஃபி. கம்பளங்களும் பழங்களும் குவிந்த சாலையோரச் சந்தையில் வண்டி நின்றது. நான் வண்டியிலேயே நிலாவுக்கு இட்லி ஊட்டினேன். லாத்தா இறங்கவில்லை.

"தங்கச்சி, திரும்பிடலாமா?" என்றார்.

பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். 1975-இல் அவருக்கு ஆறு வயது. நகரங்களைக் காலி செய்து எல்லோரையும் வயலுக்குத் துரத்தினார்கள். பணம், பள்ளி, தொழுகை எதுவும் கிடையாது. சாம் குடும்பங்களை ஊர் ஊராகப் பிரித்துப் போட்டார்கள். பிறகு வீட்டில் அடுப்பு மூட்டவும் தடை வந்தது. பொதுச் சமையலில் ஊற்றும் கஞ்சிதான். ஒருநாள் அவர் அம்மா ஒரு பிடி அரிசியை ஒளித்து வந்து, தகர டப்பாவில் வேகவைத்து ஊட்டினார். மறுநாள் ஊர்க் காவலன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டான். பிள்ளைகளின் வாயால்தான் பெற்றவர்கள் மாட்டினார்கள். மாட்டியவர்கள் திரும்பி வரவில்லை.

"ஒண்ணுமே சாப்பிடலன்னு சொன்னேன். அன்னைலேர்ந்து இந்த வாய் பூட்டிக்கிட்டுதுலா. இப்ப அவ்வளவு பேர் முன்னாடி எப்படித் திறக்கும்?"

குழந்தை காதில் இதெல்லாம் விழலாமா என்பதுதான் முதலில் என் கவலை. நிலா வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "ஆன்ட்டி, அது லை தானே?" என்றாள்.

அவள் வாயைப் பொத்தப் போனேன். லாத்தா என் கையை விலக்கினார்.

"ஆமாடா. பச்சைப் பொய்."

"அப்ப இப்ப போய் ட்ரூத் சொல்லிடுங்க. மிஸ் திட்ட மாட்டாங்க."

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி லாத்தா சிரித்தார். "கேஸையே முடிச்சிட்டா உம்மவ" என்று சொல்லி, டப்பாவிலிருந்து ஓர் இட்லியை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு திரும்பும் பேச்சே இல்லை.

மதியம் விமான நிலையம். பாங்காக் வழியாக நோம்பென். உள்ளே போகும் வாசலில் லாத்தாவின் மொபைல் அடித்தது. கம்போடியாவிலிருந்து அவர் அம்மா. ஆம், ஒரு பிடி அரிசி வேகவைத்த அதே அம்மா. 1979-இல் வியட்நாம் படை நுழைந்து அந்த ஆட்சி விழுந்தபோது, சிறுமியாக இருந்த லாத்தா தன் மாமா குடும்பத்தோடு எல்லை தாண்டி மலேசியா போனார். தொலைந்த மகன்களைத் தேடி அம்மா கம்போடியாவிலேயே தங்கிவிட்டார். இப்போது மகளோடு சேர்ந்து அவரும் சொல்லப் போகிறார்.

அந்த நாட்டில் நலம் விசாரிப்பதே சாப்பிட்டாயா என்றுதானாம். லாத்தா கூட்டத்தின் நடுவில் நின்று உரக்கப் பதில் சொன்னார். அவர் பேசியதில் எனக்கு "இட்லி" ஒன்றுதான் புரிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவேயில்லை.

அடுத்த வாரம் கடைக்குப் போன் வந்தது. அம்மாவும் மகளும் அருகருகே உட்கார்ந்து, அந்த ஒரு பிடி அரிசியில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார்கள். அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லாத்தாவின் கணவர் பேரீச்சம்பழம் கொடுத்தார். நானே ஜெயித்துவிட்டு வந்ததுபோல் படியேறினேன்.

அந்தப் பெருமை நிலாவின் பள்ளியிலிருந்து அழைப்பு வரும்வரைதான். டிபன் டப்பா காலி. ஆனால் என்ன சாப்பிட்டாய் என்று மிஸ் கேட்டதற்கு, ஒன்றுமே சாப்பிடவில்லை என்றாளாம். வீட்டுக்கு வந்ததும் விசாரித்தேன்.

"உன்னைக் காப்பாத்தினேன்மா" என்றாள்.

கட்டிக்கொண்டேன். திட்டியிருக்க வேண்டுமோ என்று அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்லாதே என்றுதான் இவளை வளர்க்கிறேன். அந்த ஒரு பொய் மட்டும் எப்படிச் சரியானது என்பதை ஐந்து வயதுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது? பிள்ளை வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். லாத்தா ஊரிலிருந்து வருவதற்குள் தெரிந்தால் நல்லது. அவர் வந்ததும் நிலா ஓடிப்போய் இந்தச் சாதனையைத்தான் முதலில் சொல்லப் போகிறாள்.