பன்வில வீதியில் இரண்டு எஞ்சின்கள்

‘புதிய எஞ்சின் நடுவழியில் நிற்காது’ என்று என் புதிய காரின் குறிப்பேட்டில் திகதியிட்டு எழுதியவன் நான்தான். அந்தக் கார் இன்று காலை பன்வில வீதியில் மஞ்சள் எஞ்சின் எச்சரிக்கை விளக்கொன்றைக் காட்டிவிட்டு நிற்கிறது. பத்து மணிக்குக் கண்டியில் தங்கை மகளின் முகூர்த்தம். தாலி என் சட்டைப்பையில்.

அரைநூற்றாண்டுப் பழைய காரில் வந்த மரக்கறிக் கடைக்காரர் கதவைத் திறக்கிறார்.

“ஏறுங்க சார். ஒங்க வண்டி ஸ்கேன் பண்ணுனாதான் எந்திரிக்கும்.”

“இது நிற்காதா?”

“நிக்கும். நாலு எடத்துல. நாலுலயும் தண்ணிப் பீலி இருக்கு.”

மூன்றாவது பீலியில், மலையிலிருந்து வடியும் நீரைப் பிடித்து அவர் ரேடியேட்டரை நிரப்பும்போது, ‘பழைய எஞ்சினே நம்பகமானது’ என்று சத்தமாகச் சொல்லியபடி கையோடு கொண்டுவந்த குறிப்பேட்டில் எழுதுகிறேன்.

“எழுதிட்டீங்களா? எஞ்சின் போன வருசந்தான் மாத்துனது சார், ஜப்பான் வேனோடது.”

அந்த வரியைக் கோடிட்டு அடிக்கிறேன். முகூர்த்தத்துக்கு எட்டு நிமிடம் முன்னதாகவே தாலி ஐயர் கைக்குப் போய்விடுகிறது. அந்த வேன் எஞ்சின் எந்த ஆண்டினது என்பது கடைக்காரருக்கும் தெரியவில்லை; ஆகவே எந்த எஞ்சின் நம்பகமானது என்பது என் குறிப்பேட்டில் இன்னும் உறுதிசெய்யப்படவில்லை.